58,000 ரூபாய் பாட்டுப்பெட்டியும் 120 ரூபாய் ஒயரும்

முதல் நாள் ராத்திரி அந்தப் பாட்டுப்பெட்டி உயிரோடுதான் இருந்தது. 34 சதவீதம் சார்ஜுடன் கைக்கு வந்த பிளேயரில் ஒரு மணி வரை நாகஸ்வரமாகக் கேட்டுத் தீர்த்தேன். அப்புறம் என் போன் சார்ஜரில் செருகிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் கறுப்புத் திரை. பொத்தானை எத்தனை நேரம் அழுத்திப் பிடித்தாலும் அசைவில்லை. 58,000 ரூபாய். புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும் என்பதால், தெரிந்தவருக்குத் தெரிந்த ஒரு அண்ணனிடம் இரண்டாம் கையாக வாங்கியது. வீட்டில் விலையைச் சொல்லவில்லை. சொல்லாமல் வாங்கிய பொருள் ஒரே ராத்திரியில் செத்துப்போனால் வயிற்றுக்குள் என்ன செய்யும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இது பாட்டு கேட்பதற்கென்றே செய்த கருவி. டி.ஏ.பி., அதாவது டிஜிட்டல் ஆடியோ பிளேயர் என்பார்கள். போனில் கேட்க முடியாதா என்று கேட்காதீர்கள், அந்தச் சண்டையை வீட்டில் ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டேன். பாட்டின் தரம் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதை எந்த ஒயரில் எந்த ஓட்டையில் செருகுவது என்று ஒருவரும் எழுதவில்லை. அதனால் எனக்கு ஏழு வாரமும் 19,000 ரூபாய்க்கு மேலும் போனது.

விற்ற அண்ணனுக்குப் போன் செய்தேன். "நல்லாத்தானே தம்பி இருந்தது, போன மாசம் வரைக்கும் கேட்டேனே" என்றார். அவர் குரலில் பொய் இல்லை. பெட்டியோடு வந்த ஒயர் எங்கே என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அது தொலைந்துவிட்டது, எந்த சி டைப் ஒயராக இருந்தாலும் போதும் என்று வாங்கும்போதே சொல்லியிருந்தார். நானும் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

தாம்பரத்திலிருந்து, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு மின்சார ரயில், அப்புறம் ஆட்டோ. அந்தப் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "பேட்டரி போயிடுச்சு சார்" என்றார். புதுப் பேட்டரிக்கும் கூலிக்கும் சேர்த்து 4,800. இரண்டு நாள் கழித்துப் போனால் திரையில் நூறு சதவீதம் பச்சையாகச் சிரித்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கேட்டேன், சார்ஜ் இறங்கியது, செருகினேன், ஏறவில்லை. மறுபடி ரயில், மறுபடி ஆட்டோ. இந்த முறை கோபத்தோடு போனேன். கவுண்டரில் நின்ற பையன் தன் ஒயரில் செருகி, "ஏறுது பாருங்க சார்" என்றான். ஏறியது! இத்தனை பேர் முன்னால் அசட்டுச் சிரிப்போடு நிற்க வேண்டியதாயிற்று. "பின் லூஸா இருக்கலாம், மாத்திடலாம்" என்று அதற்கு இன்னொரு 1,200 வாங்கினார்கள். வீட்டுக்கு வந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

மூன்றாவது முறை அந்தக் கடைக்குப் போகவே கூச்சமாக இருந்தது. பக்கத்துச் சந்தில் மல்டிமீட்டர், ரெசிஸ்டர், சால்டரிங் சாமான் விற்கும் பெரியவர் ஒருவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். அதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "தம்பி, வீட்ல எந்த ஒயர்ல போடறீங்க?" பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். இரண்டு முனையும் சி. அவர் தன் டிராயரிலிருந்து ஒரு பக்கம் பழைய பட்டை யூ.எஸ்.பி., மறு பக்கம் சி இருக்கிற ஒயரை எடுத்து, நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு குட்டி மீட்டரைச் செருகி, பிளேயரில் மாட்டினார். மீட்டரில் 5.08 வோல்ட், 1.62 ஆம்பியர். என்னுடைய சி டு சி ஒயரையும் போன் சார்ஜரையும் மாட்டி, இரண்டு பக்கமும் சி இருக்கிற இன்னொரு மீட்டரில் பார்த்தார். சுழியம். வோல்ட்டே வரவில்லை.

இது என்ன சங்கதி என்பதை அவர் ரசீதின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். பழைய பட்டை யூ.எஸ்.பி. ஓட்டையில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும், குழாயில் தண்ணீர் நிற்கிற மாதிரி. சி டைப் சார்ஜர் அப்படியில்லை. மறுமுனையில் ஒரு கருவி மாட்டியிருக்கிறது என்று உறுதியானால்தான் மின்சாரத்தை விடும். அந்த உறுதியைக் கொடுப்பது சி.சி. என்ற இரண்டு பின்களில் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். ஒரு ரூபாய்கூடப் பெறாத சாமான். என் பிளேயரைச் செய்தவர்கள் அதை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அதனால் சி டு சி ஒயரில் எவ்வளவு விலையுயர்ந்த சார்ஜரைப் போட்டாலும், அந்தச் சார்ஜருக்கு எதிரே ஆள் இருப்பதே தெரியாது. பெரிய இடங்களிலும் இந்தப் பக்கம் சறுக்கியிருக்கிறார்கள். 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 கணினிப் பலகையில் இரண்டு பின்களுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரை வைத்ததால் சில வகை சி டு சி ஒயர்களில் மின்சாரம் ஏறாமல் போய், பிறகு வந்த பலகைகளில் திருத்தினார்கள்.

ஆக, என் பழைய பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. பின்னும் நன்றாகத்தான் இருந்தது. 6,000 ரூபாய் போனதற்கு மருந்து 120 ரூபாய் ஒயர். குட்டி மீட்டரையும் சில நூறு ரூபாய் கொடுத்து அவரிடமே வாங்கிக்கொண்டேன். இந்த ஏழு வாரத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே செலவு அதுதான். நீங்கள் இரண்டாம் கையாக எதை வாங்கினாலும், விற்பவர் எந்த ஒயரில் எந்த அடாப்டரில் சார்ஜ் போட்டார் என்று கேட்டு, முடிந்தால் அதையே சேர்த்து வாங்குங்கள். சோனியின் பழைய உயர்விலை வாக்மேன்களில் சி டைப்பே கிடையாது, 22 பின் கொண்ட அவர்களுடைய தனி ஓட்டை. ஒயர் தொலைந்தால் தேடி அலைய வேண்டியதுதான். இன்னொன்று, கருவி மாதக்கணக்கில் டிராயரில் கிடந்திருந்தால் பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். செருகியவுடன் திரை எரியாது. மெல்ல மெல்லத்தான் ஏற ஆரம்பிக்கும். அரை மணி, ஒரு மணி விட்டுவைத்துப் பார்த்துவிட்டுச் சர்வீஸ் கடைப் பக்கம் போகலாம்.

மீட்டர் கைக்கு வந்ததும் வீட்டில் இருந்த ஒயர்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் பரப்பிப் பரிசோதித்தேன். கட்டில் ஓரம் வரை எட்டும் என்று வாங்கிய இரண்டு மீட்டர் ஒயர்தான் மகா மோசம். உள்ளே முடி மாதிரி மெல்லிய கம்பி. சார்ஜரில் 5 வோல்ட் கிளம்பி, ஒயரின் கடைசியில் 4.3 ஆக வந்து நின்றது. பிளேயர் அதைப் பார்த்து இழுப்பதையே குறைத்துக்கொண்டது. நாலு மணி நேர வேலை ராத்திரி முழுக்க நீண்டதற்குக் காரணம் இதுதான். லேப்டாப்பில் செருகுவதும் அப்படித்தான். சாதாரண யூ.எஸ்.பி. 2 ஓட்டை அரை ஆம்பியர்தான் தரும், அதாவது இரண்டரை வாட். பாடிக்கொண்டே, திரையும் எரிந்துகொண்டிருந்தால் என் பிளேயர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தின்றுவிடுகிறது. சார்ஜில் போட்டபடியே கேட்கிறேன், சதவீதம் ஒன்று ஒன்றாக இறங்குகிறது. பழுது என்று அன்றும் பயந்தேன், இல்லை, வரவைவிடச் செலவு கூடிப்போனது, அவ்வளவுதான்.

அடுத்தது கடி. ஒரு சாயங்காலம் சார்ஜில் போட்டிருந்த பிளேயரை என் மகள் தொட்டுவிட்டு "அப்பா, இது கடிக்குது" என்றாள். நானும் புறங்கையால் தடவிப் பார்த்தேன். அலுமினிய உடம்பில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சுரசுரப்பு. மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து ஒரு கம்பியை உடம்பிலும் மற்றதை பிளக் பாயிண்டின் எர்த்திலும் வைத்தால் 90 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கை நடுங்கிவிட்டது. பிறகு விசாரித்ததில் தெரிந்தது: இரண்டு பின் சார்ஜர்களில் மின் இரைச்சலை அடக்குவதற்காக சுவர் மின்சாரம் வரும் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறிய கெப்பாசிட்டர் வைப்பார்கள். அதன் வழியாக மிக நுண்ணிய கசிவு வந்துகொண்டே இருக்கும். மீட்டர் பெரிய எண்ணைக் காட்டினாலும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் கணக்குதான். ஒழுங்கான சார்ஜரில் இது ஆபத்தில்லை. போலி சார்ஜரில் அதே இடத்தில் என்ன கெப்பாசிட்டரை வைத்திருப்பார்கள் என்பது வைத்தவருக்கே வெளிச்சம். சார்ஜரின் மேல் இந்திய தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இரண்டை அன்றே குப்பையில் போட்டேன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சார்ஜில் போட்டுக் கேட்கும் பழக்கத்தையும் அன்றோடு விட்டேன்.

அந்தக் கசிவுதான் ஹாலில் இருந்த ஆம்ப்ளிஃபயரில் வேறு உருவத்தில் வந்தது. பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து, அதாவது ஆம்ப்புக்கென்றே பாட்டை வெளியே விடும் வழியிலிருந்து, ஒயர் கொடுத்தால், சார்ஜில் இருக்கும்போது பாட்டுக்கு அடியில் 'ஊம்' என்று ஒரு உறுமல். தம்பூரா சுருதி சேராமல் நிற்பது போல. சார்ஜரைப் பிடுங்கினால் துடைத்த மாதிரி அமைதி. உங்களுக்கும் இப்படி வந்தால் முதலில் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பாட்டு ஒயரைக் குறை சொல்லி விலையுயர்ந்த ஒயர் வாங்காதீர்கள். நான் வாங்கினேன், 1,800 ரூபாய், உறுமல் அப்படியே இருந்தது. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று நடுவில் மாட்ட ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் டப்பா விற்கிறார்கள். மாட்டினேன், உறுமல் போனது, தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஓசையிலும் பாதி போனது. கடைசியில் பவர் பேங்கிலிருந்து சார்ஜ் கொடுத்தபடி கேட்பதுதான் எனக்குச் சரிப்பட்டது. சுவரோடு தொடர்பே இல்லை, கசிவும் இல்லை. ஒரு தொல்லை, பேட்டரி நிறையும் தறுவாயில் பிளேயர் கொஞ்சமாக இழுக்கும்போது சில பவர் பேங்க்குகள் எல்லாம் முடிந்தது என்று தானாக அணைந்துவிடும். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

இனி சொல்லப்போவது முழுக்க என் தப்பு. அதனால்தான் எழுதவே இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

பிளேயரில் இரண்டு பாட்டு ஓட்டைகள். ஒன்று நமக்குத் தெரிந்த 3.5 மி.மீ. மற்றது கொஞ்சம் பருமனான 4.4 மி.மீ. இதை பேலன்ஸ்டு என்பார்கள். 2016-இல் சோனி தன் பெரிய வாக்மேனில் கொண்டுவந்து, பிறகு பல கம்பெனிகள் எடுத்துக்கொண்டது. 3.5-இல் இடது காதுக்கும் வலது காதுக்கும் திரும்பி வரும் பாதை ஒன்றே, அது கிரவுண்ட். 4.4-இல் ஒவ்வொரு காதுக்கும் பிளஸ் தனி, மைனஸ் தனி. அந்த மைனஸ் சும்மா கிடக்கிற கம்பி இல்லை. அதற்குப் பின்னாலும் பிளேயருக்குள் ஓர் ஆம்ப் வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் தள்ளுவதால்தான் அதில் சத்தம் கூடுதல். எனக்கு அப்போது தெரிந்தது கடைசி வாக்கியம் மட்டும். கூடுதல் சத்தம் என்றால் ஹாலில் இருக்கும் ஆம்ப்புக்கும் அதிலிருந்தே கொடுக்கலாமே என்று 900 ரூபாய்க்கு ஓர் அடாப்டர் வாங்கினேன். ஒரு முனை 4.4 ஆண், மறுமுனை 3.5 பெண். அதற்குள் இடது மைனஸையும் வலது மைனஸையும் ஒன்றாக முறுக்கி கிரவுண்டோடு சேர்த்திருந்தார்கள். வேலை செய்துகொண்டிருக்கும் இரண்டு ஆம்ப்களின் வாயை ஒன்றோடொன்று கட்டிய கதைதான்.

நான்கு நிமிடம் பாடியது. பிளேயரின் உடம்பு சுட்டது. வெயில் என்று நினைத்தேன். 'டப்' என்று ஒரு சின்ன ஓசை, அப்புறம் தவில் காணாமல் போனது. அந்தப் பதிவில் நாகஸ்வரம் இடது பக்கம், தவில் வலது பக்கம். தவில்காரர் பாதியில் எழுந்து போன கச்சேரி போல நாகஸ்வரம் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது. பதறிப்போய் இயர்போனை 3.5-இல் மாட்டினேன், இரண்டு காதும் சரியாகக் கேட்டது. 4.4-இல் மாட்டினால் வலது காது ஊமை. வலது மைனஸுக்குப் பின்னால் இருந்த ஆம்ப் சில்லு எரிந்திருந்தது. அதை மாற்ற, இந்த முறை விசாரித்துப் போன வேறொரு கடையில் 9,500 ரூபாயும் மூன்று வாரமும் ஆனது. அந்தக் கடைக்காரர் வேலை சுத்தம், அதில் குறையில்லை.

ஆகவே, இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். 4.4 முனை உள்ள இயர்போனை 3.5 ஓட்டையில் மாட்ட அடாப்டர் போடுவது பரவாயில்லை. அங்கே மைனஸ்கள் சேரும் இடம் சும்மா இருக்கிற கிரவுண்ட். தலைகீழாக, 4.4 ஓட்டையிலிருந்து 3.5-ஆகவோ ஆம்ப்பின் பின்பக்கம் செருகும் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. முனைகளாகவோ மாற்றும் எந்த அடாப்டரையும், உள்ளே ஒயரிங் எப்படி என்று தெரியாமல் செருகாதீர்கள். சில பிளேயர்களில் காப்புச் சுற்று இருக்கும், உடனே நிறுத்திக்கொள்ளும். உங்களுடையதில் இருக்கிறதா என்று செருகிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். வீட்டு ஆம்ப்புக்கு 3.5-ஐ அமைப்பில் லைன் அவுட்டாக மாற்றிக் கொடுத்தால் போதும். பெரும்பாலும் அது 2 வோல்ட் அளவில் நிலையாகக் கொடுக்கும், ஆம்ப்புக்கு வேண்டியது அதுதான்.

லேப்டாப்போடு இணைத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளேயரை லேப்டாப்புக்கு வெளி சவுண்ட் கார்டாக, அதாவது டாக்காகப் பயன்படுத்தலாம். எனக்கு மூன்று நாள் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவரைப் போட்டேன், எடுத்தேன், விண்டோஸையே புதிதாகப் போடலாமா என்று யோசித்தேன். காரணம் மறுபடியும் ஒயர். சார்ஜுக்கு மட்டுமான ஒயர் அது, உள்ளே டேட்டா கம்பிகளே இல்லை. ஒயரை மாற்றியதும் கண்டுகொண்டது, ஆனால் மெமரி கார்டாக. பிளேயரின் அமைப்பில் யூ.எஸ்.பி. என்ற இடத்தில் சேமிப்பு, டாக் என்று இரண்டு இருந்தன, மாற்றியதும் பாடியது. விண்டோஸ் 10-இன் 2017 பதிப்பிலிருந்து இதற்கான பொது டிரைவர் உள்ளேயே இருக்கிறது. மேக்கிலும் லினக்ஸிலும் முன்பே உண்டு. போனோடு இணைத்தால் இன்னொரு வேடிக்கை. பிளேயர் போனிலிருந்து சார்ஜ் குடிக்க ஆரம்பிக்கும். திருச்சி போகும் ரயிலில் விழுப்புரம் தாண்டுவதற்குள் என் போன் 80-இலிருந்து 41-க்கு வந்தது. பிளேயரின் அமைப்பில் டாக்காக இருக்கும்போது சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். என்னுடையதில் மூன்று மெனுக்களுக்கு உள்ளே ஒளிந்திருந்தது.

போன வாரம்தான் எலக்ட்ரீஷியன் வந்தார். அந்த 90 வோல்ட் கணக்கு மனதை அரித்துக்கொண்டே இருந்ததால், ஆம்ப் மாட்டியிருக்கும் பாயிண்டையும் சோதிக்கச் சொன்னேன். மூன்றாவது பின்னில் எர்த் ஒயர் திருகிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாகவோ. முறுக்கிவிட்டு, கொல்லைப்பக்க எர்த் குழியை எட்டிப் பார்த்து, "இதுல கடைசியா எப்ப சார் தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டார். அப்படி ஒரு குழி இருப்பதே எனக்குத் தெரியாது. இரண்டு குடம் ஊற்றினோம். சார்ஜில் போட்டபடி ஆம்ப்பை ஓடவிட்டேன். உறுமல் முழுதாகப் போகவில்லை, ஆனால் பாட்டு ஆரம்பித்தால் காதில் விழுவதில்லை. சுவரோரம் சாய்ந்து நின்று அவரும் கொஞ்சம் கேட்டார். "நல்லா இருக்கு சார், என்ன விலை?" என்றார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.